லேப்டாப் டச்பேட் தகராறு: பஸ் ஏறுமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

கர்சர் நகரவில்லை, தானாகத் துள்ளுகிறது, ரைட் கிளிக் விழவில்லை என்றதும் அம்பையிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனுக்கு பஸ் ஏறுகிறவர்கள் அநேகம். அங்கே "டச்பேட் போயிட்டு, மாத்தணும்" என்ற ஒற்றை வரியோடு சில ஆயிரம் ரூபாய் போய்விடும். ஆனால் கெட்டது டச்பேடாகவே இருப்பது குறைவு. அணைந்து கிடக்கும் ஒரு ஸ்விட்ச், எர்த் இல்லாத பிளக் பாயிண்ட், உப்பிய பேட்டரி, தவறான டிரைவர் (டச்பேடை விண்டோஸோடு பேசவைக்கும் சாஃப்ட்வேர்) ஆகிய நான்கில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். எது என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும். கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். செலவில்லாத சோதனைகளை முதலில் வைத்திருக்கிறேன்.

1. முதலில் ஒரு வயர் மவுஸ்

300 ரூபாய்ச் சுமாருக்கு யூஎஸ்பி வயர் மவுஸ் கிடைக்கும். இரவல் வாங்கினாலும் சரி. டிரைவரைத் தொடுகிற கட்டத்தில் டச்பேட் முழுக்கச் செத்துவிடலாம். அப்போது மவுஸ் இல்லாவிட்டால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள்.

மவுஸ் வரும்வரை கீபோர்டே போதும். விண்டோஸ் கீயை அழுத்தி 'டச்பேட்' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுத்தால் டச்பேட் செட்டிங்ஸ் திறக்கும். டேப் கீயால் ஒவ்வொன்றாக நகர்ந்து, ஸ்பேஸ் பாரால் ஆன், ஆஃப் செய்யலாம்.

2. அணைந்து கிடக்கிறதா?

மேல் வரிசை எஃப் கீகளில் ஒன்றில் டச்பேட் படமும் அதன் மேல் ஒரு குறுக்குக் கோடும் இருக்கும். எந்த எண் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். படத்தைத் தேடுங்கள், எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். அந்தக் கீயைத் தனியாக ஒரு தடவை, எஃப்என் கீயோடு சேர்த்து ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். சத்தத்தைக் கூட்டப் போன விரல் பக்கத்துக் கீயைத் தொட்டு டச்பேடை அணைத்திருக்கும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது பலரையும் ஏமாற்றும் ஒன்று. டச்பேட் செட்டிங்ஸில், மேலே உள்ள 'டச்பேட்' வரியை விரித்தால் 'லீவ் டச்பேட் ஆன் வென் எ மவுஸ் இஸ் கனெக்டட்' என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் இல்லாவிட்டால், மவுஸ் இணைந்த உடனே டச்பேட் அணைந்துவிடும். வயர்லெஸ் மவுஸின் சுண்டுவிரல் நகமளவு ரிசீவர் யூஎஸ்பி ஓட்டையிலேயே குத்தியபடி கிடக்கும். மவுஸ் பேட்டரி தீர்ந்து அலமாரியில் இருக்கும். லேப்டாப்புக்கு அது தெரியாது. மவுஸ் இணைந்திருப்பதாகவே எண்ணி டச்பேடை அணைத்தே வைத்திருக்கும். ரிசீவரைப் பிடுங்குங்கள், புளூடூத்தை அணையுங்கள், பிறகு பாருங்கள்.

அதிலும் சரியாகாவிட்டால் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' செய்து திரும்ப ஆன் பண்ணுவது அதற்கு ஈடாகாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது, ஷட் டவுன் செய்தாலும் உள்ளிருக்கும் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து அப்படியே திருப்பி எடுக்கும். டிரைவர் குழப்பமும் அதோடு திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

3. கர்சர் துள்ளுகிறதா? சார்ஜரைப் பிடுங்குங்கள்

நம் பக்கத்தில் இதுதான் பெரிய விஷயம். பொறுமையாகப் படியுங்கள்.

டச்பேடின் கண்ணாடிக்கோ பிளாஸ்டிக்குக்கோ அடியில் மின்கம்பி வலை ஒன்று இருக்கிறது. விரல் அருகே வரும்போது அந்த வலையின் மின் தேக்கத்தில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தை அளந்துதான் விரல் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. சார்ஜர் வழியாக இரைச்சல் நுழைந்தால் கணக்கு தப்பும். கர்சர் நடுங்கும், தானாகக் கிளிக் ஆகும், ஒரு விரலை இரண்டு விரலாக எடுத்துக்கொண்டு பக்கம் தானாக ஓடும். அந்த இரைச்சலை இழுத்து மண்ணுக்குள் விடுவதுதான் எர்த்தின் வேலை.

சோதனை எளிது. சார்ஜரைக் கழற்றிவிட்டு 5 நிமிடம் பேட்டரியில் ஓட்டுங்கள். துள்ளல் நின்றால் டச்பேட் நன்றாக இருக்கிறது. உலோக உடம்புள்ள லேப்டாப் என்றால், சார்ஜர் மாட்டியிருக்கும்போது புறங்கையால் லேசாகத் தடவிப் பாருங்கள். எறும்பு ஊர்வதுபோல ஒரு நமநமப்பு தெரிந்தால் எர்த் வரவில்லை.

பிறகு அதே சார்ஜரை, புதிதாக வயரிங் செய்த பக்கத்து வீட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கே சரியாக ஓடினால் உங்கள் வீட்டு எர்த்தில் கோளாறு. அங்கும் துள்ளினால் சார்ஜரில் கோளாறு, அதிலும் டூப்ளிகேட் சார்ஜர் என்றால் கிட்டத்தட்ட உறுதி.

வீட்டு எர்த் ஏன் வராமல் போகிறது?

பழைய வீடுகளில் த்ரீ பின் பெட்டி இருக்கும், ஆனால் உள்ளே வருவது இரண்டு வயர்தான். மேலே உள்ள பெரிய ஓட்டை சும்மா அழகுக்கு. சில வீடுகளில் த்ரீ பின் பிளக்கை டூ பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரை மாட்டியிருப்பார்கள். இன்னும் சிலர் ஓட்டையில் நுழையவில்லை என்று அந்தப் பெரிய பின்னையே வெட்டி எறிந்திருப்பார்கள். அப்படிச் செய்யவே கூடாது. டச்பேடுக்காக மட்டும் சொல்லவில்லை, ஷாக் அடித்தால் உயிரைக் காப்பதும் அதே பின்தான்.

மூன்றாவது காரணம் வெயில். எர்த் குழியைச் சுற்றியுள்ள மண் காய்ந்தால் மின்தடை ஏறிவிடும். நாங்குநேரி, ராதாபுரம் போன்ற வானம் பார்த்த பூமியில் சித்திரை, வைகாசியில் மட்டும் டச்பேட் துள்ளி, மழை பெய்ததும் தானாகச் சரியானால் குழியைத்தான் பார்க்க வேண்டும். அந்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு தடவை குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

எலக்ட்ரீஷியன் வந்தால் டெஸ்டரோடு நிறுத்தாமல் மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் சுமாராக இருக்கும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். மிகக் குறைவாக வந்தாலோ, அளவு நிலையில்லாமல் ஆடினாலோ எர்த் அறுந்திருக்கிறது. இது 230 வோல்ட் வேலை, நீங்களே கை வைக்காதீர்கள்.

பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாளில் மட்டும் தொல்லை வருகிறதா? அப்படியானால் இன்வெர்ட்டர்தான் காரணம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இரைச்சல் அதிகம். அன்று லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டி, இடையிடையே மட்டும் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.

4. விரலும் ஈரமும்

அல்வா தின்ற கையோடு டச்பேடைத் தொட்டால் என்ன ஆகும்? நெய் மின்சாரத்தைக் கடத்தாது, எனவே கர்சர் துள்ளாது. ஆனால் சர்க்கரைப் பாகு இழுக்கும், விரல் விட்டுவிட்டு நகரும், கர்சரும் விட்டுவிட்டு நகரும். இரண்டே நாளில் அந்தப் பசையில் தூசி படிந்து, டச்பேடின் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு இடுக்கில் இறங்கினால் கிளிக் அழுந்தாமல் நின்றுவிடும்.

தண்ணீரும் வியர்வையும் வேறு ரகம். அவை கடத்தும். ஒரு துளி வியர்வை விழுந்தால் டச்பேடுக்கு அது இன்னொரு விரல். நீங்கள் ஒரு விரலால் கர்சரை நகர்த்தினாலும் அது ஸ்க்ரோல் ஆகும்.

சுத்தம் செய்ய லேப்டாப்பை ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். மருந்துக் கடையில் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் கேட்டு வாங்கி, கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியில் சில சொட்டு விட்டுத் துடையுங்கள். நேராக டச்பேடில் ஊற்றக் கூடாது. கை கழுவும் சானிட்டைசர் வேண்டாம், அதில் கலந்திருக்கும் கிளிசரின் பிசுக்காக நின்றுவிடும். மூன்று நிமிடம் காயவிட்டு ஆன் செய்யுங்கள். டச்பேட் மேல் தடித்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதையும் உரித்துவிடுங்கள்.

ஆனி, ஆடிச் சாரலில் தென்காசி, செங்கோட்டை, பாபநாசம் பக்கம் காற்றிலேயே ஈரம் நிற்கும். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த லேப்டாப்பை உடனே ஆன் செய்யாமல், அரை மணி நேரம் மூடியே வையுங்கள்.

5. அடி ஸ்கேலை வைத்துப் பாருங்கள்

கிளிக் அழுந்தவில்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் அழுந்துகிறது என்றால், பிள்ளைகளின் அடி ஸ்கேலை எடுத்து டச்பேட் மேல் குறுக்காக, நிமிர்த்தி வையுங்கள். ஸ்கேலின் இரு முனையும் கை வைக்கும் பகுதியில் படிய வேண்டும். நடுவில் டச்பேட் மேடிட்டு ஸ்கேல் சீசாபோல ஆடினால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. மூடி சரியாக மூடாமல் ஓர் ஓரம் இடைவெளி விடுவதும், மேசையில் வைத்தால் லேப்டாப்பே ஆடுவதும் அதே அடையாளம்தான்.

பல லேப்டாப்களில் பேட்டரி டச்பேடுக்கு நேர் அடியில்தான் இருக்கிறது. உப்பும்போது அது கீழிருந்து முட்டுவதால்தான் கிளிக் போகிறது. இந்த நிலையில் புது டச்பேட் போட்டால் பணம் வீண், அதுவும் சில வாரத்தில் அழுந்தாமல் நிற்கும்.

இது ஆபத்து. உடனே சார்ஜரைக் கழற்றி ஷட் டவுன் செய்யுங்கள். மேட்டை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் வைக்காதீர்கள். பேட்டரியை மாற்றும்வரை ஆன் செய்யவே வேண்டாம். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் சர்வீஸ் சென்டரிலேயே மின்கழிவாகக் கொடுத்துவிடுங்கள். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றைத் தூசி தட்டி எடுக்கிறவர்கள் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள்.

புதிய பேட்டரி போட்டதும், லேப்டாப் கம்பெனியின் சொந்த ஆப்பில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். எந்நேரமும் சார்ஜரில் மாட்டியிருக்கும் லேப்டாப்புக்கு அது அவசியம்.

6. டிரைவர்

கைவைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டே இருக்கிறது. பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்ஸ்) ஏதாவது மாற்றினால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் விழித்துக்கொண்டு 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லாவிட்டால் உங்கள் போட்டோ, ஃபைல் எதுவும் திரும்பாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்து, அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே தொடருங்கள்.

விண்டோஸ் கீயோடு எக்ஸ் எழுத்தை அழுத்தி 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' பகுதியில் 'எச்ஐடி கம்ப்ளையன்ட் டச் பேட்', 'ஐ2சி எச்ஐடி டிவைஸ்' என்ற பெயர்கள் இருக்க வேண்டும். பழைய மாடலில் 'மைஸ் அண்ட் அதர் பாயிண்டிங் டிவைசஸ்' என்ற பகுதியில் இருக்கும்.

பெயரின் மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தாலோ, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொல்லை தொடங்கியிருந்தாலோ, 'பிராப்பர்ட்டீஸ்', 'டிரைவர்', 'ரோல் பேக் டிரைவர்' என்று போங்கள். அந்த பட்டன் மங்கலாக இருந்தால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸ் தானாகத் திரும்பப் போட்டுக்கொள்ளும். அப்போது டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடாதீர்கள். கையில் டிரைவர் ஃபைல் இருந்தால் மட்டும் போடலாம்.

விண்டோஸைப் புதிதாக ஏற்றிய பிறகு பெயரே காணவில்லை என்றால், பெரும்பாலும் குறைவது இன்டெல் சீரியல் ஐஓ டிரைவர். டச்பேட் பிராசஸரோடு பேசும் பாதையே அதுதான். லேப்டாப் அடியில் உள்ள சீரியல் நம்பரைக் கம்பெனியின் சப்போர்ட் தளத்தில் கொடுத்து, முதலில் சிப்செட், அடுத்து சீரியல் ஐஓ, கடைசியாக டச்பேட் என்ற வரிசையில் போடுங்கள். வரிசை மாறினால் திரும்ப முதலிலிருந்து. 'எல்லா டிரைவரையும் அப்டேட் செய்து தருகிறோம்' என்று வரும் இலவச சாஃப்ட்வேர்கள் பக்கமே போக வேண்டாம்.

சில ஏசர் மாடல்களில் பயாஸில் டச்பேட் 'அட்வான்ஸ்ட்', 'பேசிக்' என்று இரு நிலையில் இருக்கும். டிரைவர் இல்லாதபோது பேசிக்கில் வைத்தால் கர்சர் உடனே ஓடும். ஆனால் மூன்று விரல் சைகைகள் வராது. டிரைவர் போட்டதும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

கடைசிச் சோதனை ஒன்று, தீர்ப்பே அதுதான். லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், சுமார் 3 ஜிபி. 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே லேப்டாப்பைத் துவக்கிப் பாருங்கள். பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்டில் டச்பேட் ஓடினால் பாகம் நல்ல நிலையில் இருக்கிறது, தகராறு விண்டோஸில். அங்கும் ஓடாவிட்டால்தான் கடைக்குப் போகும் நேரம்.

7. சைகைகளை உங்கள் கைக்கு ஏற்ப மாற்றுவது

விண்டோஸ் 11-இல் 'செட்டிங்ஸ்', 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', 'டச்பேட்'. விண்டோஸ் 10-இல் 'டிவைசஸ்' என்பதன் கீழ் இருக்கும்.

தமிழில் நிறைய டைப் செய்கிறவர்கள் முதலில் மாற்ற வேண்டியது 'டச்பேட் சென்சிட்டிவிட்டி'. டைப் செய்யும்போது கட்டைவிரலின் அடிச்சதை டச்பேடில் படும். உடனே கர்சர் வேறு வரிக்குத் தாவி, பாதிச் சொல் அங்கே போய் விழும். இதை 'லோ' என்று வைத்தால் தவறான தொடுதலைப் பெரிதும் கண்டுகொள்ளாது. 'மோஸ்ட் சென்சிட்டிவ்' என்பதை டைப் செய்கிறவர்கள் தொடவே வேண்டாம்.

அடுத்து தட்டல். இரண்டு விரலால் தட்டினால் ரைட் கிளிக். இதைப் பழகிவிட்டால் டச்பேடின் வலது மூலையை அழுத்தத் தேவையில்லை, கிளிக் ஸ்விட்சும் நீண்ட நாள் உழைக்கும். ஒரு தட்டு, உடனே இரண்டாம் தட்டில் விரலை எடுக்காமல் இழுப்பு: இதுதான் எழுத்துகளைத் தேர்வு செய்யும் வழி.

பக்கம் தலைகீழாக ஓடுவதாகத் தோன்றினால் 'ஸ்க்ரோலிங் டைரக்ஷன்' மாற்றுங்கள். மூன்று விரல் மேலே இழுத்தால் திறந்திருக்கும் எல்லா விண்டோவும் தெரியும். கீழே இழுத்தால் டெஸ்க்டாப். பக்கவாட்டில் இழுத்தால் அடுத்த புரோகிராம். நான்கு விரல் பக்கவாட்டில் டெஸ்க்டாப்பையே மாற்றும். இதெல்லாம் தெரியாமல் நடந்து 'என் ஃபைல் எல்லாம் போச்சே' என்று பதறுகிறவர்கள் உண்டு. போகவில்லை, வேறு டெஸ்க்டாப்பில் நிற்கிறீர்கள். நான்கு விரலால் எதிர்ப்பக்கம் இழுங்கள். வேண்டாம் என்றால் 'நத்திங்' என்று வைத்துவிடலாம்.

மூன்று விரல் தட்டலுக்கு 'மிடில் மவுஸ் பட்டன்' வைத்துப் பாருங்கள். பிரவுசரில் எந்த லிங்க்கின் மேல் தட்டினாலும் புதிய டேப்பில் திறக்கும். எனக்குப் பிடித்த மாற்றம் இது ஒன்றுதான், மற்றவை பழக்கத்தைப் பொறுத்தவை.

ஆன்லைன் விண்ணப்பம் நிரப்புகிறவர்களுக்கு ஒரு பொறி. பிரவுசரில் இரண்டு விரலைப் பக்கவாட்டில் இழுத்தால் முந்தைய பக்கத்துக்குப் போய்விடும். பத்து நிமிடம் நிரப்பிய படிவம் காலியாகிவிடலாம். கல்லூரி அட்மிஷன், தேர்வாணைய விண்ணப்பம் போன்றவற்றுக்கு மவுஸே வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிங்ஸில் மூன்று விரல் பகுதியே இல்லை என்றால் உங்களுடையது பிரிசிஷன் டச்பேட் (சைகைகளை விண்டோஸே நேரடியாகக் கவனிக்கும் ரகம்) இல்லை. பழைய பாகத்தில் அதைத் தேடி அலைய வேண்டாம்.

உபுண்டுவில் 'செட்டிங்ஸ்', 'மவுஸ் அண்ட் டச்பேட்' பக்கத்தில் 'டேப் டு கிளிக்' இருக்கும். மேக்கில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'டிராக்பேட்'. மூன்று விரல் இழுவை மட்டும் 'ஆக்சஸிபிலிட்டி', 'பாயிண்டர் கண்ட்ரோல்', 'டிராக்பேட் ஆப்ஷன்ஸ்' என்று ஒளிந்திருக்கும். ஃபோர்ஸ் டச் டிராக்பேட் உள்ள மேக்புக்கில், அணைத்திருக்கும்போது அது அழுந்தாது. அழுந்தும் உணர்வையே மோட்டார்தான் தருகிறது, எனவே அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

8. மவுஸ்

ஒரு கிளிக் இரண்டு கிளிக்காக விழுந்தால் உள்ளே உள்ள ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது. மலிவு மவுஸ் என்றால் புதிது வாங்குவதே லாபம். வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு ஓடினால், நீல நிற யூஎஸ்பி 3 ஓட்டையிலிருந்து ரிசீவரை மாற்றிக் கறுப்பு ஓட்டையில் குத்துங்கள். யூஎஸ்பி 3-இல் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். கண்ணாடி மேசையில் பெரும்பாலான மவுஸ் ஓடாது, அடியில் ஒரு தாள் போதும்.

9. கடைக்குப் போவதானால்

பில் நகல், சீரியல் நம்பர் இரண்டையும் எடுத்துக்கொண்டு, கம்பெனி தளத்தில் வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். சாதாரணமாக 1 வருடம். சில மாடல்களில் ஆன்-சைட் வாரண்டி உண்டு, ஆள் உங்கள் ஊருக்கே வருவார். அதைக் கேட்காமல் பஸ் ஏறாதீர்கள். கோளாறைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், கடையில் போய் வைத்ததும் அது ஒழுங்காக ஓடும். ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.

ராம் அல்லது எஸ்எஸ்டி போட்ட மறுநாள் டச்பேட் செத்திருந்தால், அதைப் போட்ட கடைக்கே போய், "அண்ணாச்சி, டச்பேட் ரிப்பன் கேபிள் சரியா உக்காந்திருக்கானு பாருங்க" என்று கேளுங்கள். தட்டையான அந்தக் கேபிளின் பூட்டு திறந்திருக்கும். பத்து நிமிட வேலை, பாகம் மாற்றத் தேவையில்லை.

உண்மையிலேயே மாற்ற வேண்டுமென்றால் மாடலைப் பொறுத்து 1,000 ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை ஆகும். பாகம் கைவசம் இருந்தால் அன்றே முடியும், வெளியூரிலிருந்து வர வேண்டுமென்றால் ஒரு வாரமும் ஆகலாம். தொகையை முன்பே எழுதி வாங்குங்கள். லேப்டாப்பை வாங்கிக்கொண்டு கடையில் தரும் ஜாப் ஷீட்டில் சீரியல் நம்பர், ராம் அளவு, எஸ்எஸ்டி அளவு, சார்ஜர் கொடுத்தீர்களா இல்லையா, உடம்பில் உள்ள கீறல் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

லேப்டாப்பைத் திருப்பி வாங்கும்போது விண்டோஸின் 'பெயிண்ட்' ஆப்பைத் திறந்து, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு மிக மெதுவாக ஒரு கோடு போடுங்கள். கோடு படிக்கட்டுபோல உடைந்தாலோ நடுவில் அறுந்தாலோ அங்கேயே காட்டுங்கள். நான்கு மூலையிலும் கிளிக், இரண்டு விரல் ஸ்க்ரோல், இழுவை எல்லாவற்றையும் சார்ஜர் இல்லாமல் ஒரு தடவை, சார்ஜரை மாட்டி ஒரு தடவை பாருங்கள். அதன்பிறகு பணத்தைக் கொடுங்கள்.